பர்மா: தந்த வாக்கும் தவறிய அரசும்

1948ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 4ஆம் நாள். பொழுது புலராத வேளை, மணி 4.20. இரங்கூன் நகரில் பிரிட்டிஷ் கொடி இறங்கிற்று; பர்மியக் கொடி ஏறிற்று. மூன்று போர்களில் பறிபோன நாட்டை அதன் மக்கள் மீட்டெடுத்த நாள் அது. ஊர் உறங்கும் அந்த வேளையை ஏன் தேர்ந்தெடுத்தனர்? படைத் தலைவர் வகுத்த திட்டமா? சட்ட வல்லுநர் குறித்த நேரமா? இல்லை! சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம். நாளும் கோளும் நன்கு அமைந்த நல்வேளை என்று கணித்தோர் கூறினர். ஆளவந்தோர் தலை வணங்கினர்.

அந்த நல்வேளையில் பிறந்த குடியரசு மூன்று திங்களுக்குள் பொதுவுடைமைக் கட்சியாரின் ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டது. மறு ஆண்டு சனவரி முடிவதற்குள் கரேன் படையினர் தலைநகரின் வாயிற்படியாகிய இன்செயின் வரை வந்து நின்றனர். பதினான்கு ஆண்டுகளில் மக்களாட்சி மாண்டது. நாற்பது ஆண்டு நிறைவதற்குள், 1987இல், உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் ஐக்கிய நாடுகள் மன்றம் அந்நாட்டைச் சேர்த்தது. ஒருகாலத்தில் உலகிற்கே சோறிட்ட நாட்டுக்கு நேர்ந்த கதி இது. கோள்களைக் கேட்டுப் பயனில்லை. ஆண்ட மாந்தரைக் கேட்போம். அவர்கள் கொடுத்த வாக்கு என்ன, அதை என்ன செய்தார்கள் என்று கேட்போம்.

முதலில் நாட்டைக் காண்போம். நடுவே ஐராவதி ஆறு. வடக்கு மலைகளில் தோன்றி, தெற்கே பல கால்களாய்ப் பிரிந்து கடலில் கலக்கிறது. அதன் பள்ளத்தாக்கில் வாழ்பவர் பர்மியர். அப்பள்ளத்தாக்கைச் சுற்றிக் குதிரை லாடம் போல் மலைகள். கிழக்கே ஷான் மேட்டுநிலம். வடக்கே கச்சின் மலைகள். மேற்கே சின் மலைகள். மேற்குக் கடலோரம் அரக்கான். தென்கிழக்கே கரேன், கரென்னி, மோன் மக்கள். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5 கோடியே 14 லட்சம். அவர்களுள் பர்மிய இனத்தார் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். எஞ்சியோர் பல இனத்தார், பல மொழியினர். அரசு 135 இனங்கள் என்று பட்டியல் எழுதி வைத்தது. ஒரே மொழியின் கிளை வழக்குகளைக்கூடத் தனித்தனி இனமாக எண்ணி நீட்டிய பட்டியல் அது. அத்தனை நீளமான பட்டியலிலும் ரோகிங்கியா என்ற பெயருக்கு இடம் கிடைக்கவில்லை!

சமவெளியில் நெல் விளைகிறது. ஏனாங்யாங் வயலில் மண்ணெண்ணெய். மோகோக்கில் மாணிக்கம். கச்சின் நாட்டில் சீனர் பெரிதும் விரும்பும் பச்சை மணிக்கல். ஷான் நாட்டில் ஈயமும் வெள்ளியும். தேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டா. சோறு பெரும்பாலும் பர்மியர் நிலத்தில். மணியும் கனியும் பெரும்பாலும் மலைநாட்டார் நிலத்தில். இந்தப் பங்கீட்டை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். பின்னே நடந்த பூசல்கள் பலவற்றின் வேர் இங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்றும் குறிப்பிடத் தக்கது. பர்மியரிடையே நம் நாட்டிலுள்ளது போன்ற சாதிமுறை கிடையாது. பெண்கள் கடைவீதியில் வாணிகம் நடத்தினர், சொத்துரிமை பெற்றிருந்தனர். ஊருக்கு ஊர் இருந்த பிக்குகளின் மடங்களில் ஏழைச் சிறுவனும் எழுத்துக் கற்றான். எனினும் முழுக் குறையற்ற சமுதாயம் என்று புகழ்ந்துவிட முடியாது. பகோடாவிற்கு நேர்ந்துவிடப்பட்ட அடிமைகள் என்று ஒரு கூட்டம் அங்கே இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்களை ஊரார் ஒதுக்கிவைத்தனர். கருணையைப் போதித்த மதத்தின் கோபுர நிழலில் கருணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்கள்!

1824, 1852, 1885 என மூன்று முறை படையெடுத்து பிரிட்டிஷார் பர்மாவை விழுங்கினர். மூன்றாம் போருக்குச் சாக்கு என்ன தெரியுமா? தேக்கு வெட்டிய பம்பாய் பர்மா வாணிகக் குழுமத்திற்குத் திபா மன்னரின் அரசு தண்டம் விதித்ததாம். மரம் வெட்டியவன் வழக்கில் ஒரு நாட்டின் முடியே வெட்டுண்டது! மன்னரை இரத்தினகிரிக்கு நாடு கடத்தினர். அதற்கு முன்பே டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை இரங்கூனுக்கு நாடு கடத்தியிருந்தனர். 1886 முதல் பர்மா முழுதும் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் தனியே பிரித்தனர்.

ஐராவதியின் கழிமுகம் அக்காலத்தில் சதுப்பு, காடு, கொசு, காய்ச்சல். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பியச் சந்தை அருகே வந்தது. அரிசிக்கு விலை ஏறிற்று. மேல் பர்மாவிலிருந்து உழவர் குடும்பம் குடும்பமாகத் தெற்கே இறங்கினர், காட்டை அழித்தனர், கரை கட்டினர், நெல் விதைத்தனர். 1850களின் நடுவில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் வயல், 1930இல் ஒரு கோடி ஏக்கரை நெருங்கிற்று. ஆண்டுதோறும் 30 லட்சம் டன் அளவில் அரிசி கப்பலேறிற்று. உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடு பர்மாதான். அந்த அரிசியில் ஒரு பங்கு தமிழர் அடுப்பிலும் கொதித்தது.

உழுதவன் பர்மியன். உழுவதற்குப் பணம்? அங்கேதான் நம்மவர் வருகின்றனர்.

செட்டிநாட்டு நகரத்தார் இரங்கூனின் மொகல் தெருவில் கடை வைத்தனர். அங்கிருந்து கழிமுகத்தின் சிற்றூர் வரை பரவினர். 1930ஆம் ஆண்டை ஒட்டி அவர்தம் கடைகள் ஏறத்தாழ 1,650. வட்டிக்கு விட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளமைப்பு; மூன்றாண்டுத் தவணை; ஒழுங்கான கணக்கு. சென்ற ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பத் தவறவில்லை. கையில் கோலும் இடையில் கோவணமுமாய் எல்லாம் துறந்து நின்ற கடவுளை ஈட்டுப் பத்திரங்களுக்குக் காவல் வைத்த அழகை என்னென்பது!

ஆனால் நீதியோடு பேசவேண்டும். உள்ளூர் வட்டிக்கடைக்காரர் பலர் வாங்கிய வட்டியை நோக்க, செட்டியார் வட்டி குறைவே. அவர்களுக்குப் பின்னே பிரிட்டிஷ் வங்கிகள் நின்றன. அவர்களுக்கு முன்னே அரிசி ஆலைகள் நின்றன. நான்கு பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் கூடிக் கூட்டணி கட்டி நெல் விலையை அடக்கி வைத்தன. மண்ணெண்ணெயும் தேக்கும் ஆற்றுக் கப்பலும் அவ்வாறே வெள்ளையர் கையில். மேலிருந்து உறிஞ்சியவன் உழவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலில் வந்து வட்டி கேட்டவன் தெரிந்தான். ஏகாதிபத்தியம் தன் பொருளாதாரத்தை இப்படித்தான் அமைக்கும்: இலாபம் ஒருவனுக்கு, பழி வேறொருவனுக்கு.

1930இல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதியாய்ச் சரிந்தது. கடன் சரியவில்லை. உழவனால் கட்ட முடியவில்லை, ஈடு முழுகிற்று. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937இல் நூற்றுக்கு 25! செட்டியார் நிலம் வாங்கப் போனவரல்லர். பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவரே. ஆயினும் காடு வெட்டிய கை வெறுங்கையாயிற்று. காரைக்குடி மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வியப்போர், இந்த ஆறையும் இருபத்தைந்தையும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நலம்.

செட்டியார் மட்டுமா போனார்? அவரைவிடப் பன்மடங்கு தொகையில் போனவர் கூலியாட்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, கப்பலின் தளத்தில் நெருக்கி அடைபட்டு இரங்கூன் சேர்ந்தனர். அறுவடை வயலில், அரிசி ஆலையில், துறைமுகத்தில், நகரின் கழிவு சுமக்கும் வேலையில் அவர்களே. 1931ஆம் ஆண்டுக் கணக்குப்படி பர்மாவின் 1 கோடியே 46 லட்சம் மக்களில் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல். இரங்கூனின் 4 லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். தன் நாட்டின் தலைநகரில் பர்மியன் சிறுபான்மை! 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரை அழைத்து வேலை கொடுத்தனர். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியரை விரட்டினர். பசித்தவனும் பசித்தவனும் மோதினர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர். இருவரையும் மோதவிட்ட கப்பல் முதலாளியின் சட்டையில் ஒரு துளி இரத்தமும் படவில்லை.

அதே ஆண்டு திசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் என்பார் உழவரைத் திரட்டி எழுந்தார். முன்னாள் பிக்கு, நாட்டு மருத்துவர். வரிக்கொடுமையைக் கணக்கெடுத்து எழுதிய அனுபவமும் அவருக்கு உண்டு. நோய் என்னவென்று அறிந்தவர் மருந்தைத் தவறாகக் கொடுத்தார். துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று பச்சை குத்தினர், தாயத்துக் கட்டினர். வாளும் வேலும் ஏந்தி இயந்திரத் துப்பாக்கியின் முன் நடந்தனர். தாயத்துக் கட்டிய மார்பில் குண்டு பாய்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர்களுடைய வீரத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. அந்த வீரத்தை வீணாக்கிய நம்பிக்கையின்மேல் சினங்கொள்ள மட்டும் உரிமை உண்டு.

பிறகு போர். 1942இல் சப்பான் படை பர்மாவில் நுழைந்தது. இந்தியர் லட்சக்கணக்கில் அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் நடந்தே இந்தியாவிற்கு ஓடிவந்தனர். வழியில் பல்லாயிரவர் பசியிலும் நோயிலும் விழுந்தனர். சப்பானியர் துணையோடு நுழைந்த இளைஞர் ஆங் சான், அவர்களது விடுதலைப் பேச்சு வெறும் பேச்சென்று கண்டு, 1945 மார்ச் 27இல் அவர்கள் மேலேயே பாய்ந்தார். போர் முடிந்தபோது அவருக்கு வயது முப்பது. நாடு முழுதும் அவரை நம்பிற்று.

முழுதுமா? பள்ளத்தாக்கு நம்பிற்று. மலைநாட்டார்க்கு ஐயம் இருந்தது. பிரிட்டிஷார் அவர்களைத் தனியே, எல்லைப்புறப் பகுதி என்று வைத்து ஆண்டிருந்தனர். வெள்ளையன் போனபின் பர்மியன் வந்து தலையில் அமர்ந்தால்? இந்தக் கேள்விக்கு விடையளிக்கத்தான் ஆங் சான் ஷான் நாட்டின் பாங்லாங் ஊருக்குச் சென்றார். 1947 பிப்ரவரி 12. ஷான், கச்சின், சின் தலைவர்கள் ஆங் சானுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். எல்லைப்புறத்தாருக்கு உள்நாட்டு ஆட்சியில் முழுத் தன்னுரிமை. மக்களாட்சி நாட்டில் குடிமகன் பெறும் எல்லா உரிமையும். பர்மியனுக்கு ஒரு காசு என்றால் உங்களுக்கும் ஒரு காசு என்று ஆங் சான் சொன்னதாக மலைநாட்டார் தலைமுறைகள் கடந்தும் நினைவுகூர்ந்தனர். அந்த வாக்கை நம்பி அவர்கள் ஒன்றியத்தில் சேர்ந்தனர். கரேன் மக்கள் பார்வையாளராக வந்தனர், கையெழுத்திடவில்லை. மோன் மக்களையும் அரக்கானியரையும் தனித்தரப்பாக அழைக்கவே இல்லை. தொடக்கத்திலேயே கூரையில் ஓட்டைகள் இருந்தன. ஆயினும் அது கூரை.

ஐந்தே மாதம். சூலை 19ஆம் நாள், அமைச்சர் குழு கூடியிருந்த அறையில் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் ஆங் சானையும் உடனிருந்தோரையும் சுட்டுக் கொன்றனர். ஏவியவர் முன்னாள் முதலமைச்சர் ஊ சா. வாக்குக் கொடுத்தவர் இறந்தார். வாக்கு ஏட்டில் நின்றது.

1947ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஒரு வியப்புக்குரிய ஏடு. அதன் பத்தாம் அத்தியாயம், பத்தாண்டுக்குப் பின் விரும்பினால் ஒன்றியத்தை விட்டுப் பிரியும் உரிமையை ஷான், கரென்னி நாடுகளுக்கு எழுத்தில் வழங்கிற்று. உலகில் எத்தனை நாட்டுச் சட்டம் இப்படி எழுதும்? ஆனால் அதே சட்டத்தின் மற்றப் பக்கங்களைப் புரட்டினால் கதை வேறு. பர்மியருக்கென்று தனி மாநிலம் இல்லை. ஒன்றிய அரசே பர்மியர் அரசு. மாநிலங்களுக்குப் பெயர் இருந்தது, வருவாய் இல்லை; செலவுக்கு இரங்கூனை நோக்கிக் கையேந்த வேண்டும். பெயரளவில் கூட்டாட்சி, நடப்பில் ஒற்றையாட்சி என்று சட்டம் வரைந்தவர்களுள் ஒருவரே ஒப்புக்கொண்டார். வீட்டைவிட்டு வெளியேறும் உரிமையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார நாற்காலியைக் கொடுக்கவில்லை!

ஆங் சானுக்குப் பின் தலைமை அமைச்சரானவர் ஊ நூ. நல்லவர், எளியவர், கைச்சுத்தம் உடையவர். இலக்கியம் எழுதுவார், தியானம் செய்வார். 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தார். செட்டியார் நிலம் போயிற்று. இழப்பீடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. உழுபவனுக்கு நிலம் என்ற நீதியை நாம் குறை கூறோம். உள்நாட்டுப் போர் சூழ்ந்த நாட்டில் அச்சட்டத்தைச் செயலாக்கியது அரைகுறையே.

ஊ நூவின் பிழை வேறிடத்தில். 1954 முதல் 1956 வரை இரங்கூனில் ஆறாம் பௌத்த மாநாட்டைக் கூட்டினார். அதற்கென்று பல்லாயிரவர் அமரும் செயற்கைக் குகை ஒன்றைக் கட்டினார். 1954 திசம்பரில் இரங்கூனில் நடந்த உலகப் பௌத்தர் கூட்டத்திற்குத்தான் தந்தை பெரியார் சென்றார். அண்ணல் அம்பேத்கரைச் சந்தித்தார். அவ்விருவரும் புத்தரிடம் தேடியது அறிவையும் சமத்துவத்தையும். ஊ நூ புத்தரை வேறு பணிக்கு அமர்த்தினார். பௌத்தத்தை அரசு மதமாக்குவேன் என்று 1960 தேர்தலில் வாக்களித்தார், வென்றார், 1961 ஆகஸ்டில் சட்டமாக்கினார். கச்சினரிலும் சின் மக்களிலும் கரேனியரிலும் பெருந்தொகையினர் கிறித்தவர். இது உங்கள் நாடு என்று பாங்லாங்கில் சொன்னீர்களே, இப்போது எங்கள் நாட்டுக்கு ஒரு மதம், அது எங்கள் மதமல்ல என்கிறீர்களே என்று அவர்கள் கேட்டனர். அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே கச்சின் இளைஞர் படை திரட்டிவிட்டிருந்தனர். அரசு மதச் சட்டம் எரியும் வீட்டில் எண்ணெய் ஆயிற்று. அஞ்சிய ஊ நூ பிற மதத்தாருக்குப் பாதுகாப்பு என்று மற்றொரு திருத்தம் கொணர்ந்தார். உடனே பிக்குகள் கொதித்தெழுந்தனர். கடவுள் உண்டா என்ற வினாவிலேயே நேரம் போக்காத ஓர் அறிவாளரின் பெயரால் இவ்வளவும்!

நாட்டைச் சூழ்ந்த இடரைப் போக்க ஊ நூ அரசு என்ன செய்தது? 1961 திசம்பரில், குறித்த நாளில் குறித்த நாழிகைக்குள், நாடெங்கும் 60,000 மணற் பகோடாக்கள் எழுப்பச் செய்தது. தீங்கு அண்டாது என்றனர். மூன்றே திங்களில் தீங்கு டாங்கி வண்டியில் ஏறி வந்தது.

1962 பிப்ரவரியில் ஷான் தலைவர்கள் இரங்கூனில் அமர்ந்து, பிரிவினை கேளாமல், உண்மையான கூட்டாட்சிக்குச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று பேசிக்கொண்டிருந்தனர். பர்மியருக்கும் ஒரு மாநிலம்; எல்லா மாநிலமும் சமம்; நடுவண் அரசுக்குக் குறித்த அதிகாரம் மட்டும். பேச்சு முடியவில்லை. மார்ச் 2ஆம் நாள் விடியுமுன் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். ஒன்றியம் சிதறாமல் காக்கவே வந்தேன் என்றார். ஒன்றியத்தின் முதல் குடியரசுத் தலைவர் சாவோ ஷுவே தைக் ஷான் இனத்தவர், பாங்லாங்கில் கையெழுத்திட்டவர். அவரைச் சிறையிட்டனர், அன்று அவர் வீட்டில் அவருடைய இளம் மகன் சுடப்பட்டான், அவரும் அவ்வாண்டே சிறையில் இறந்தார். சூலை 7ஆம் நாள் இரங்கூன் பல்கலைக்கழக மாணவரைச் சுட்டனர். மறுநாள் காலை அவர்களது சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தனர். ஆங் சான் மாணவராய் முழங்கிய சங்கம் அது.

நீ வின் தன் ஆட்சிக்குச் சமதர்மத்திற்குப் பர்மிய வழி என்று பெயர் சூட்டினார். சமதர்மம் என்ற சொல்லுக்காக நம்முள் யாரும் மயங்கவேண்டா. 1963, 1964இல் வங்கி, ஆலை, மொத்த வாணிகம், சில்லறைக் கடை வரை அரசு எடுத்துக்கொண்டது. கடைகளை நடத்த வந்தவர் படை அதிகாரிகள். நெல்லை அரசு குறித்த தாழ்ந்த விலைக்கே விற்கவேண்டும். உழவன் என்ன செய்வான்? தன் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் விளைத்தான். மிஞ்சியதைக் கள்ளச் சந்தைக்கு அனுப்பினான். போருக்கு முன் 30 லட்சம் டன் ஏற்றுமதி செய்த நாடு 1960களின் இறுதியில் 10 லட்சம் டன்னை எட்ட இயலாமல் தடுமாறிற்று. இந்தியர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வெளியேறினர். செட்டியார் அதற்கு முன்பே போய்விட்டார். இப்போது வந்தவர் பெரும்பாலும் சிறு கடைக்காரர், தையற்காரர், கூலியாட்கள். கையிலிருந்த நகையைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கினர். சென்னையின் பர்மா பசார் அவர்கள் கட்டி எழுப்பிய பிழைப்பு. மலைநாட்டிலோ உணவு, பணம், செய்தி, ஆள் என்ற நான்கையும் கிளர்ச்சிக்காரர்க்குக் கிடைக்காமல் வெட்டுவது என்ற பெயரால் ஊர் ஊராகக் கொளுத்தினர்.

இந்தச் சமதர்மியின் மற்றொரு முகத்தைப் பார்க்கவேண்டும். நீ வின் எண்கணிதத்தில் நம்பிக்கை உடையவர். ஒன்பது அவருக்கு உகந்த எண் என்பர். 1964இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்றார். 1985இல் மீண்டும் ஒரு முறை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லா, மாற்றும் கிடையாது! புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெற்றுத்தாள் ஆயிற்று. பதிலுக்கு வந்தவை எவை? 45 கியாட் நோட்டு, 90 கியாட் நோட்டு. நான்கும் ஐந்தும் ஒன்பது. ஒன்பதும் சுழியும் ஒன்பது. இரண்டும் ஒன்பதால் வகுபடும். காய்கறி விற்கும் கிழவி 45இலிருந்து மீதி எண்ணித் தரவேண்டிய நிலையை வாசகர் கற்பனை செய்க. மூடநம்பிக்கை தனிமனிதன் வீட்டோடு நிற்கும் சிறுபிழை என்று சிலர் நம்மிடம் வாதாடுவதுண்டு. அது நிதியமைச்சில் நுழைந்தால் என்னாகும் என்பதற்கு இந்த இரு நோட்டுகளும் சான்று.

கல்விக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணத்தை இழந்த மாணவர் தெருவில் இறங்கினர். அந்த நெருப்பே மறு ஆண்டு, 1988 ஆகஸ்ட் 8இல், நாடெங்கும் மூண்டது. செப்டம்பர் 18இல் படை மீண்டும் ஆட்சியை நேரே பற்றிற்று; மாண்டோர் ஆயிரக்கணக்கில். 1989இல் நாட்டின் பெயரை மியன்மா என்று மாற்றினர். 1990 தேர்தலில் ஆங் சானின் மகள் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றது. படை ஆட்சியை விடவில்லை. சமதர்ம வேடம் கலைந்தது. தளபதிகள் தாமே நிறுவனங்கள் அமைத்துக் கச்சினரின் மணிக்கல்லிலும் மரத்திலும் முதலாளிகள் ஆயினர். எரிவாயு தாய்லாந்துக்கும் சீனத்துக்கும் குழாயில் ஓடிற்று. அக்குழாய் கடந்து செல்லும் ஊர்களிலோ மண்ணெண்ணெய் விளக்கு! 2005இல் தலைநகரை இரங்கூனிலிருந்து நய்பிடாவுக்கு மாற்றினர். அதற்கும் சோதிடர் நேரம் குறித்தனர் என்று பலரும் எழுதினர்.

2008 மே மாதம் புயல் கழிமுகத்தை அழித்தது. இறந்தோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். பிணங்கள் வாய்க்காலில் மிதக்கையில், பெரும்பகுதி நாட்டில் அதே மே 10ஆம் நாள் புதிய அரசியல் சட்டத்திற்கு வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 92 பேர் ஒப்பினர் என்றனர். அச்சட்டம் நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடத்தைத் தேர்தலே இன்றிப் படைக்கு ஒதுக்கிற்று. முதன்மை விதிகளைத் திருத்த நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாக்கு வேண்டும் என்றது. கணக்குத் தெரிந்தவர்க்கு விளக்கம் வேண்டா.

2015இல் சூ கியின் கட்சி வென்று அமைச்சு அமைத்தது. ஆனால் இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன் வேரூன்றிய இனத்தாரே முழுக் குடிமக்கள் என்று கோடு கிழித்தது. அந்தக் கோட்டால் அங்கே பிறந்து வளர்ந்த தமிழர் பலரும் நாடற்றவராய் நின்றதுண்டு. அரக்கானின் ரோகிங்கியா முஸ்லிம்களுக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. 2014 கணக்கெடுப்பில் அரக்கானில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் எண்ணப்படவே இல்லை, மதிப்பீடாகவே சேர்க்கப்பட்டனர். 2015இல் பிக்குகள் சிலர் தூண்ட, பௌத்தப் பெண் வேற்று மதத்தானை மணக்கத் தடைகள் வைக்கும் சட்டம் வந்தது. 2017 ஆகஸ்ட் முதல் படை ரோகிங்கியா ஊர்களைக் கொளுத்த, 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்காள தேசத்துக்கு ஓடினர். 2019இல் உலக நீதிமன்றத்தில் நின்று படையின் செயலுக்காக வாதாடியவர் யார்? சூ கி அம்மையாரே! படையால் பதினைந்து ஆண்டுகள் வீட்டுக் காவலில் கிடந்தவர், பெரும்பான்மையின் சினத்துக்கு அஞ்சினாரோ, அதில் பங்குகொண்டாரோ, தந்தை பாங்லாங்கில் பேசிய மொழி மகள் வாயில் வரவில்லை.

படை அந்த உதவியையும் நினைவில் வைக்கவில்லை. 2020 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி மீண்டும் பெருவெற்றி பெற, 2021 பிப்ரவரி 1ஆம் நாள் தளபதி மின் ஆங் லைங் அவரைச் சிறைப்படுத்தி ஆட்சியைக் கைப்பற்றினார். மருத்துவரும் ஆசிரியரும் இரயில் தொழிலாளரும் வேலையை விட்டு வெளியேறினர். தெருவில் நின்ற இளைஞரைச் சுட்டனர். கியாட்டின் மதிப்பு வீழ்ந்தது. 2023இல் அபினி விளைச்சலில் பர்மா உலகில் முதலிடம் பெற்றது என்று ஐக்கிய நாடுகள் மன்றம் அறிவித்தது. அரிசியில் பெற்றிருந்த முதலிடம் அபினிக்குப் போயிற்று.

சுடப்பட்ட பர்மிய இளைஞர் எங்கே சென்றனர்? மலைக்குச் சென்றனர். கொள்ளையர், பிரிவினைக்காரர் என்று பாடப்புத்தகத்திலும் வானொலியிலும் தாங்கள் கேட்டு வளர்ந்த அதே கரேன், கச்சின், கரென்னி மக்கள் அவர்களுக்குச் சோறிட்டனர், படைப்பயிற்சி அளித்தனர். ரோகிங்கியா மக்களுக்கு நேர்ந்தபோது வாய்மூடி இருந்தோம் என்று நகரத்து இளைஞர் பலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர். 2021 மார்ச் 31ஆம் நாள், தேர்ந்தெடுக்கப்பட்டும் விரட்டப்பட்ட உறுப்பினர் குழு 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது என்று அறிவித்துக் கூட்டாட்சி மக்களாட்சிச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. மாநிலங்களே இறைமையின் மூலம் என்று அதில் எழுதினர். 1962இல் ஷான் தலைவர்கள் உட்கார்ந்து கேட்டதும் ஏறத்தாழ இதுவே. கேட்டவர்கள் அன்று சிறைக்குச் சென்றனர். பாங்லாங்கில் கையெழுத்திட்டு எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, பர்மியப் பெரும்பான்மையின் பேராளர்கள் அதைத் தங்கள் கோரிக்கையாகத் தாங்களே எழுதினர். எழுதியபோது அவர்கள் பலரும் தலைமறைவில் இருந்தனர்.